நாற்பது டிகிரி

ஆறரைக்கு நான் கதவைத் திறக்குமுன்பே
பனியில் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள்.
ஐஸ்லாந்தின் வடக்கோரம், டிசம்பர்.
சூரியன் பதினொன்றுக்கு மேல் எழுந்து
வந்ததே தப்பு என்பதுபோலப் படுத்துவிடும் மாதம்.
நகராட்சி நீச்சல் குளத்தில்
தண்ணீரின் சூடு பார்ப்பதும்
தரை கழுவுவதும் என் வேலை.

நன்றாகக் குளித்துவிட்டுத்தான்
வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும், அது சட்டம்.
பதவி இல்லை, பணப்பை இல்லை, சட்டையே இல்லை.
ஆவிக்குள் ஆறு தலைகள் மட்டும்
வேகவைத்த உருளைக்கிழங்குகளாய் மிதக்கும்.
முதல் ஐந்து நிமிடம் காற்று எந்தப் பக்கம் என்ற பேச்சு.
அப்புறம் சுரங்கப்பாதை.

மலையைக் குடையலாமா கூடாதா?
பதினொரு வருடமாக இதே மலை.
வெளியே ஒரு பிடி மண் பெயரவில்லை,
தொட்டிக்குள் எத்தனையோ தடவை குடைந்தாயிற்று.

தோர்கெல் பனிவாரி வண்டி ஓட்டுகிறவர்.
பாதை வந்தால் அவர் பிழைப்பில் பாதி போகும்.
இருந்தும் வேண்டும் என்கிறார்.
ஸ்டெய்னுன் பல் மருத்துவர்.
பாதை வந்தால் பக்கத்து ஊர்ப் பற்களும் அவருக்குத்தான்.
இருந்தும் வேண்டாம் என்கிறார்.
"வருகிறவர்களுக்கா பாதை? போகிறவர்களுக்கு!
முதலில் ஆஸ்பத்திரி போகும், பிறகு பள்ளிக்கூடம்."
அவருடைய மகன்கள் இரண்டு பேரும்
மலைச்சாலை வழியாகவே போய்விட்டவர்கள்.
அதை மட்டும் யாரும் எடுப்பதில்லை,
எவ்வளவு கோபத்திலும்.

"வலி கண்ட பெண்ணை வைத்துக்கொண்டு
கணவாயில் ஒரு ராத்திரி நின்றேன், தெரியுமா?"
தோர்கெல் இதை நானூறு தடவை சொல்லியிருப்பார்.
ஒவ்வொரு தடவையும் பனி ஓர் அடி உயரும்.
இந்தக் கரையில் முயல் இல்லை;
தான் பிடித்த மீனுக்குத்தான் மூன்று கண்.

எதற்கு இது என்று தரை கழுவியபடி யோசிப்பேன்.
அமைச்சர் காதில் விழப்போவதில்லை.
யாரும் யார் மனதையும் மாற்றியதாகக் கேள்வியில்லை.
நாலு வருடத்துக்கு ஒரு பென்சில்,
ஒரு பெருக்கல் குறி,
மீதி நாளெல்லாம் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதோ?
சூடுதான் காரணம் என்று ஒரு வாரம்
சொல்லாமல் முப்பத்தெட்டுக்கு இறக்கிவைத்தேன்.
தண்ணீர் ஆறியது எந்தக் கட்சியால் என்று
சண்டை போட்டார்கள்.
கடைசியில் தோர்கெலும் ஸ்டெய்னுனும்
பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரே பக்கம் நின்று
என்மேல் புகார் எழுதினார்கள்.

சனிக்கிழமை பூட்டியபிறகு
நானே இறங்கி உட்கார்ந்தேன்.
எனக்கும் ஒரு கட்சி உண்டு அந்த மலையைப் பற்றி.
சீருடை போட்ட வாய், இதுவரை திறந்ததில்லை.
சத்தமாகவே பேசினேன், இருட்டுக்கும் ஆவிக்கும்.
முதல் வாக்கியம் அருமை.
இரண்டாவது கொஞ்சம் தொய்ந்தது.
மூன்றாவதில்
"அட போம்மா" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல்
என் நியாயம் சோப்பு மாதிரி கரைந்துபோயிற்று.
வேறு வழியில்லை. ஸ்டெய்னுன் குரலில்
என்னையே மறுத்துப் பார்த்தேன்.
அங்கே இல்லாமலே அவர் ஜெயித்தார்.

திங்கட்கிழமை. வெப்பமானியை விட்டெடுத்தேன்: நாற்பது.
போயிருக்கலாம். போகவில்லை.
"குடைகிறபோது இந்த வெந்நீர் நரம்பில் துளை பட்டால்?
எதில் உட்கார்ந்து பேசுவீர்கள் நீங்களெல்லாம்?"

ஆறு தலைகளும் திரும்பின.
பனி விழுகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும்.
பிறகு இரண்டு பேரும் ஒரே மூச்சில்,
"ரக்னா, உனக்கு விஷயமே தெரியவில்லை!"

நல்லது என்று
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு
விளிம்பில் உட்கார்ந்தேன்.
காலுறை நனைந்துகொண்டிருந்தது.